மௌனத்தில் பதிவான குரல்

லீட்ஸ்

அன்புள்ள மொரீன்,

1. நீ நலமென அறிவேன்.
2. வகுப்பில் ஒரு சிறு வேடிக்கை.
3. கம்பளிக் காலுறை.

பயன்பாட்டுச் சமூக அறிவியல் பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படை ஆண்டில் இப்போது நேர்காணல் பயிற்சி. கேள்வி கேட்டபின் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். கணவரை இழந்த திருமதி ஹோல்ராய்டிடம், "தனியா இருக்கறப்ப யார்கிட்ட பேசுவீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் பேசவேயில்லை. ஆனால் ஒலிப்பதிவில், அந்த மௌனத்தின் நடுவே, "கிளிஃப், கதவைத் திற" என்று உன் குரல் கேட்கிறது.

"யாரு தாத்தா, வீட்டம்மாவா? இங்கயும் வந்து வெரட்டறாங்களா?" என்று சிரித்தாள் உடன் படிக்கும் கீலி. என் காதுதான் பழுது என்றிருப்பேன், அவளுக்கும் கேட்டிருக்கிறது.

காலுறை அனுப்பு, பழையதே போதும். நேற்றிலிருந்து நீ தொலைபேசியை எடுக்கவில்லை. தோட்டத்தில் இருந்திருப்பாய்.

யாரோ என் கதவைத் தட்டுகிறார்கள், கீலியாக இருக்கும். முடிக்கிறேன். முதல் குறிப்பு தவறு, மொரீன். நீ நலமா என்று எனக்குத் தெரியாது.

உன் கிளிஃப்