திரைக்கு அந்தப் பக்கம்

சிராங்கூன் ரோடு,
1924

ரஷீதாவுக்கு சலாம்.

நம் தெருப் படக்கொட்டகையை மூடிவிட்டார்கள். நேற்று திரையைக் கழற்றி மடித்ததைப் பார்த்தேன். ஆண்கள் திரைக்கு முன்னால், பெண்கள் பின்னால் என்று உட்கார்ந்து பார்ப்போமே. ஒருநாள் படத்தில் வந்த பெண் வலப்பக்கமாகப் போனாள் என்றேன். "இல்லைங்க, இடப்பக்கமாத்தான் போனா" என்றாய். இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பின்னாலிருந்து பார்த்தால் படம் திரும்பித்தான் தெரியுமாம். கொட்டகைக்காரர் நேற்றுதான் சொன்னார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதுவும் நிச்சயமாக இல்லை. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று கப்பலில் நின்று கையை உயர்த்தினாய். எட்டு மாதமாகக் கடிதம் இல்லை.

அன்று கை காட்டியது "போங்க" என்றா, "வாங்க" என்றா? கரையிலிருந்து பார்த்த எனக்குத் தெரியவில்லை. உன் பக்கத்திலிருந்து சொல்.

உன் வீட்டுக்காரன்