கிணற்றில் விழுந்தவளும் காகிதக் கூடையும்

பங்குனி 5, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. காகிதக் கூழ் காய நல்ல வெயில். அடுத்த செவ்வாய் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டு. பூ கொண்டுபோக என் கையாலேயே காகிதக் கூடை செய்து தருவதாகக் கோயிலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. பூசாரி முகத்தைச் சுளித்துவிட்டார். "காயிதத்துல ஆராரு கை பட்டுதோ. கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன்." வேண்டாமென்று திருப்பிவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது.

வேண்டியவை: கூழோடு சேர்த்து இடிக்க வெந்தயம், புளியங்கொட்டைப் பசை, கவிழ்த்து வைக்கப் பித்தளைக் குண்டா, பழைய சேலைத் துண்டு.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காயிதத்த ஆட்டித் தோச சுடப்போறியா?" என்றார்.

சேலத்திலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய பழைய பத்திரிகைக் கட்டு. சாமி பேர் மேல் உலக்கை படலாமா? ஒவ்வொரு தாளாகப் பார்த்து, பேரைக் கத்தரித்து எடுத்த பிறகே தொட்டியில் ஊறப் போட்டேன். வயிற்றுவலி மாத்திரை விற்கிற ஒரு ராமசாமி. அவரையும் கத்தரித்தேன்.

6, புதன்

கூழ் இடிக்க ஓரகத்தி பாவாயியும் பக்கத்து வீட்டுச் செல்லம்மாளும். தெருவில் எழுத்துத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். மிச்சத் தாளைப் பார்க்கும்போது சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். தொடர்கதை. மருமகள் தண்ணிக்குப் போகிறாள். மாமியார் பின்னாலேயே. கிணற்று மேட்டில் முதுகில் ஒரு கை. தொபுக்கடீர். அதோடு தாள் முடிந்தது.

அடுத்த வாரத்துத் தாள்? நேற்றே தொட்டியில் போட்டாயிற்று. பாவாயி முழங்கை வரை விட்டுத் துழாவினாள். வந்தது கூழ்.

"செத்தாளா, பொழைச்சாளா? அது தெரியாம நானு ஒலக்கயத் தொடமாட்டனுங்க்கா."

"அடியே, அது கதை. ஆரோ உக்காந்து எழுதுனது."

"பொய்யின்னா அச்சுல போடுவாங்களா?"

செல்லம்மாளும் உலக்கையைச் சாத்திவிட்டாள். உரலில் பாதி கூழ். விட்டால் புளித்துவிடும். அம்மன் மன்னிக்கட்டும். "பொழைச்சுட்டா. கவுத்தப் புடிச்சுட்டு ஏறி வந்துட்டா" என்றேன். அப்புறம் இடித்தார்களே ஒரு இடி! மாவு மாதிரி ஆகிவிட்டது.

8, வெள்ளி

நேற்றுக் குண்டாவின் மேல் துணி சுற்றிக் கூழை அப்பினேன். இன்று காய்கிறது. காக்காய்த் தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை செல்லம்மாள்.

"அவளுக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்களா?"

"ரெண்டு" என்றேன். ஏன் ரெண்டு? தெரியவில்லை.

சாயங்காலம் பாவாயி வந்தாள். கிணற்றிலிருந்து பிழைத்தவளுக்காகப் பூச்சாட்டு அன்றைக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாளாம். "பாவம், அவளுக்கு ஆருங்க்கா இருக்கறா?" இல்லாதவளுக்கு வைக்கிற பொங்கல் புண்ணியமா, பாவமா? ராத்திரிக்கு மோர் மட்டும்.

10, ஞாயிறு

கூடை குண்டாவை விட்டு வந்துவிட்டது. முருகா! கொஞ்சம் கோணல், அவருடைய தலைப்பாகை மாதிரி. மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்ததும் லட்சணம் வந்துவிட்டது. தட்டினால் டம்டம். அவர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பாவாயி பொங்கலுக்குப் பச்சரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். கூடவே உட்கார்ந்து கல் பொறுக்கிக் கொடுத்தேன்.

12, செவ்வாய்

கூட்டம் சேருவதற்கு முன்பே கோயிலுக்கு. பொய்யை வைத்துக்கொண்டு கூடையைக் கொடுக்க மனசு வரவில்லை. பூசாரியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொல்லி அழுதேன். கூழ் இடிக்க வேண்டுமென்று சொன்ன பொய், கூடை வேண்டாமென்றால் இப்படியே கொண்டுபோய்விடுகிறேன், பாவாயியின் பொங்கலை மட்டும் தள்ளிவிடாதீர்கள் என்று.

அவர் கூடையை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அரளியை அள்ளி அதில் கொட்டினார். அம்மன் காலடியில் வைத்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை இறக்கி,

"அது கெடக்குதுங்கம்மிணி. தள்ளி உட்டாளே மாமியாக்காரி, அவள என்னுங்க பண்ணுனாங்க?"

மாமியாரைப் பற்றி நான் இன்னும் யோசிக்கவே இல்லை.