இருபத்திரண்டு பேருக்கான இடம்

1931 மார்ச் 3, செவ்வாய்

காலையில் துறைமுகம் போய்ப் படகை அளந்தேன். நீளம் இருபத்தாறு அடி, அகலம் எட்டு. எஸ்டேட் துரை மலாய் நாட்டை விட்டுப் போகிறார்; சென்னையில் புது உத்தியோகம். தன் பாய்மரப் படகையும் கப்பலில் கொண்டுபோகிறார். கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நான்; கடிதப் போக்குவரத்தெல்லாம் என் தலையில்.

அந்தத் துரையின் ரப்பர்த் தோட்டத்தில்தான் வில்லியம் அத்தான் பால் மரம் வெட்டினார். ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். நெஞ்சு நோய். அதே கப்பலில் அவரும் மார்த்தா அக்காவும் நாகப்பட்டினம் போகிறார்கள். அத்தானின் அம்மாவுக்குக் கடிதம் போட்டாயிற்று.

மார்ச் 5

படகை உட்காரவைக்க மரச்சட்டம் தயார். உராயும் இடமெல்லாம் புதுக் கம்பளி சுற்றச் சொன்னார் துரை. சுற்றினோம்.

மார்ச் 9, திங்கள்

கப்பலின் மேல்தட்டில் படகுக்கு இடம் குறித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இருபத்திரண்டு பேர் படுத்துப் போகலாம். ஆகவே, கடைசியாகப் பதிந்த இருபத்திரண்டு பெயர்களை அடிக்க வேண்டும். தலைமைக் கிராணி சீனி முகம்மது என்னிடம் பட்டியலை நீட்டினார். கடைசிப் பக்கத்தில் அக்கா, அத்தான்.

"அண்ணே, அத்தானுக்கு ரொம்ப முடியலண்ணே. வேற யாரையாச்சும்..."

"வேற யாரை? நீயே சொல்லு லா. சொந்தக்காரனை வச்சுட்டு ஊரான் பேரை அடிச்சா, நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது."

சிவப்பு மையைத் தொட்டேன். அடித்தேன். கோடு நேராகவே விழுந்தது — என்ன மனுசன்டா நீ?

மார்ச் 10

"கப்பல்ல இடமில்லையாம்க்கா" என்றேன். இல்லை-யாம்! யாரோ சொன்ன மாதிரி.

அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 13, வெள்ளி

படகு ஏறியது. அது அந்தரத்தில் ஆடியபோது துரை, "பிலான்! பிலான்!" என்று மலாயில் கத்தினார். மெதுவாகத்தான் இறக்கினார்கள். ஒரு கீறல் இல்லை. துரை எனக்குக் கை கொடுத்தார். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

மார்ச் 19

அத்தான் ஆஸ்பத்திரியில். இருமலில் ரத்தம்.

மார்ச் 22, ஞாயிறு

பூசை முடிந்து அடக்கம். எட்டுப் பேர் வந்தார்கள். கப்பல் இதற்குள் நாகப்பட்டினம் சேர்ந்திருக்கும். அத்தானின் அம்மா கரையில் நின்று, இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்திருப்பாள்.

மார்ச் 27

அடுத்த கப்பலில் அக்கா மட்டும். வரிசையில் அன்று பெயர் அடிபட்ட மற்றவர்களும் நின்று அதையே பேசினார்கள். ஏறுமுன் அக்கா கேட்டாள்:

"தம்பி, அந்தப் பேரெல்லாம் யாரு அடிச்சது?"

"நான்தான்க்கா."

மூட்டையை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

"போறேன்" என்றாள். 'போயிட்டு வரேன்' இல்லை. "போறேன்."