இரண்டு நிறத்திலும் ஒளிர்ந்தவை

அன்புத் தங்கைக்கு,

ஸ்டெம் செல் ஊசி போடலாமா, வேண்டாமா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. மழுப்புகிறேன் என்று நினைக்காதே.

உன் மகளின் முழங்காலில் புற்றுக் கட்டியை எடுத்துவிட்டு வைத்த எலும்பு இன்னும் ஒட்டவில்லை. அவளுடைய மஜ்ஜையிலிருந்தே, புது எலும்பாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லை எடுத்து அங்கே செலுத்தினால் ஒட்டும் என்கிறார் மருத்துவர். ஒட்டலாம். கட்டியில் துளி மிச்சமிருந்து, அதையும் அது வளர்த்துவிட்டால்?

ஆய்வகத்தில் நான் பார்ப்பது அதைத்தான். எலும்புப் புற்றுச் செல்லுக்குச் சிவப்பு, ஸ்டெம் செல்லுக்குப் பச்சை நிறமேற்றி ஒரே தட்டில் விடுகிறோம். போன மாதம் பச்சை போய்ச் சேர்ந்த இடமெல்லாம் சிவப்பு அடர்ந்தது. ஊட்டி வளர்க்கிறதோ என்று பயந்தேன். அதையே திரும்பச் செய்தால் சிவப்பு சுருங்கிக் கிடக்கிறது. இன்று சில செல்கள் இரண்டு நிறத்திலும் ஒளிர்ந்தன. இவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்டார். "சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.

நீ தொலைபேசியில் பேசியபோது பின்னாலிருந்து உன் வீட்டுக்காரர் சொன்னது காதில் விழுந்தது. "உங்கக்கா இத்தனை வருஷமா அந்தத் தட்டையே எட்டிப் பாக்கறாங்க, ஆமா இல்லேன்னு ஒரு வார்த்தை வரலையா?" அவரைக் குறை சொல்லமாட்டேன். மாடியேற முடியாமல் மகள் கூடத்திலேயே படுத்திருப்பதைத் தினமும் பார்ப்பவர் அவர். என் தட்டில் முழங்கால் இல்லை.

வேறு யாராவது கேட்டிருந்தால் "போதிய ஆதாரம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். உனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

நாளை மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேள், கட்டி முழுக்கப் போய்விட்டதா என்று. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். அவள் நன்றாக இருக்கட்டும். வேறென்ன எழுத.

உன் அக்கா

மறுநாள் சேர்த்தது: இன்றைய சந்திப்புக்குக் கடிதம் எப்படி வந்து சேரும் என்பது நேற்று முகவரி எழுதும்போதுதான் உறைத்தது. அதனால் நானே வந்தேன். நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதி உன் மேசையில் வைக்கிறேன்.

நீ கேட்டாய். "போயிருக்கும்னுதான் நம்பறோம்" என்றார் மருத்துவர். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். உன் மகள்தான் ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள். "டாக்டருக்கும் தெரியல, பெரியம்மாவுக்கும் தெரியல. அப்ப இப்போதைக்கு வேணாம். நொண்டிக்கிட்டே இருக்கேன்." உன் வீட்டுக்காரர் எழுந்து அவளுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

வெளியே படி இறங்கும்போது அவள் ஊன்றுகோலை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.