ஒரு நாளைக்கு ஒரு சாண்

2 நவம்பர் 1986, ஞாயிறு. திண்டிவனம்.

இன்று கல்லறைத் திருநாள். அந்த மனுஷன் இன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்?

அண்ணனோடு தென் துருவத்துக்குப் போனவர். விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வந்திருந்தார். இரண்டு மலைக்கு நடுவே ஆறு மாதிரி இறங்கும் பனியை அளக்கத்தான் அவர்கள் போனார்கள். அந்தப் பனியில் பிளந்திருந்த ஒரு வெடிப்பில் அண்ணன் விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. இங்கே சவப்பெட்டியில் அவன் சட்டையை வைத்துப் புதைத்து, சிலுவை நட்டோம்.

வந்தவர் மேப்பை விரித்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "இங்கதான் இருக்கானாப்பா?" என்றாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"இல்லீங்கம்மா. அது போன வருஷம். அந்தப் பனி நகந்துக்கினே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சாண், கடல் பக்கமா."

"கடலுக்கு எப்ப போய்ச் சேருவான்?"

"நம்ம காலத்துல இல்லீங்கம்மா."

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அம்மா மட்டும் சிலுவையிலிருந்து கிழக்கே, கடல் இருக்கும் பக்கமாக, விரலை விரித்து மண்ணில் ஒரு சாண் அளந்து, அங்கே வத்தியை நட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா இப்படிப் பண்ற?" என்று பல்லைக் கடித்தேன்.

காற்றில் அணையாமல் வத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கும் வரணும்டா. இன்னொரு சாண் போயிருப்பான்."