மாத்திரை வைக்காத பார்சல்

கொடும்பாளூர்,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மாமாவுக்கு,

பிரகதீஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே நான், அத்தை, நம் பாப்பா சத்யா மூவரும் சுகம். நீங்கள் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். கல்லுக்குக் குளிர்காய்ச்சல் வராது மாமா.

ஆவூர் பெலிக்ஸ் அண்ணன் லீவு முடிந்து சவுதிக்கு, உங்கள் தமாமுக்கே திரும்புகிறார். அவரிடம் இந்தப் பார்சலைக் கொடுத்துவிடுகிறேன். முறுக்கு, இட்லிப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் இருக்கிறது. மாத்திரை மட்டும் இல்லை. பையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடாதீர்கள். ஏழு வருடமாக ஒவ்வொரு தடவையும் நானே மெடிக்கலில் வாங்கி வைத்த அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இந்தத் தடவை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. போனில் சொன்னால் "சரி சரி, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

பெலிக்ஸ் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நீங்கள் லீவு முடிந்து போன இந்த நாலு மாதத்தில் மூன்று தடவை நடுக்கத்தோடு காய்ச்சலாம். ஒன்றுக்குப் போனால் எரிச்சலாம், விலாவுக்குப் பின்னால் வலியாம். ஒவ்வொரு தடவையும் நாலு மாத்திரை போட்டு, காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ரூமில் இருக்கும் ரெங்கராஜ் அண்ணனுக்குத் தொண்டை வலிக்குத் தானம் செய்திருக்கிறீர்கள். பெரிய கர்ண மகாராஜா!

நான் புதுக்கோட்டை லேபில் தினமும் தட்டில் வளர்த்துப் பார்க்கிற கிருமிதான் உங்களுக்குள்ளும் இருக்கிறது. அது எப்படிப் பெருகுகிறது என்று எங்கள் சுகுணா மேடம் ஒருநாள் விளக்கினார். அதன் உடம்பு ரகசியம் முழுவதும் டி.என்.ஏ. என்கிற ஒரே ஒரு நீள நூலில் இருக்கிறது. அந்த நூலுக்கு முனை கிடையாது, வளையமாக இருக்கும். கிருமி இரண்டாகப் பிரியும் முன்னால் அந்த வளையத்துக்கு ஒரு நகல் எடுக்கும். எடுக்க எடுக்க ஒன்று இங்கிட்டும் மற்றது அங்கிட்டும் விலகிப் போகும். ஆனால் கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும், செயின் கண்ணி மாதிரி. பிரித்தால்தான் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டு நடுவில் சுவர் வைக்க முடியும்.

அந்த வேலைக்கென்றே கிருமி ஒரு நொதி, அதாவது என்சைம், வைத்திருக்கிறது. நகை செய்யும் பத்தர் கண்ணியை வெட்டி, இன்னொரு கண்ணியை இடைவெளியில் விட்டு, திரும்பப் பற்றவைப்பாரே, அதே வேலை. உங்கள் மாத்திரை என்ன செய்கிறது தெரியுமா? வெட்டி முடித்து ஒட்டுவதற்குள் அந்தப் பத்தர் கையைப் பிடித்துக்கொள்கிறது. நூல் அறுந்தது அறுந்தபடி நிற்கும், கிருமி செத்துப்போகும். முழுசாகப் போட்டால் அநேகமாக எல்லாம் சாகும். பாதியில் விட்டால், மாத்திரையின் பிடிக்கு அகப்படாதபடி நொதி கொஞ்சம் மாறிப்போன கிருமி ஏதாவது ஒன்று தப்பிக்கும். பிறகு அதன் பிள்ளைகள்தான், அதன் பேரன்கள்தான். உங்கள் உடம்புக்குள் இப்போது அந்தக் கூட்டம்தான் குடியிருக்கிறது. காய்ச்சல் இறங்குவதுகூட உங்கள் உடம்பு எதிர்த்துப் போராடுவதால்தான், மாத்திரையால் இல்லை.

இவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

லீவில் வந்தபோது உங்களுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்ததே, அன்றைக்குச் சும்மா டெஸ்ட் என்று சொல்லி உங்கள் சிறுநீரைக் குப்பியில் வாங்கிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் நாள், வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. நான்தான் படித்தேன். தட்டில் அந்த மாத்திரையின் மருந்து வைத்த வில்லையைச் சுற்றிக் கிருமி ஒரு மயிரிழை இடம்கூட விடாமல் வளர்ந்திருந்தது; அந்த மருந்து இனிப் பலிக்காது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு பிளைட். வீட்டுக்கு வந்தால் நீங்கள் காய்ச்சல் விட்டு, பாப்பாவைத் தோளில் உட்காரவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சொன்னால் பயணம் நின்றுபோகும், வேலை போகும் என்று பயந்தேன். சரியாகிவிட்டதே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு ரிப்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினேன். அதோடு விட்டேனா? உங்கள் பெட்டியில் அதே மாத்திரையில் ஐந்து அட்டையும் வைத்தேன். லேபில் வேலை பார்க்கிறவள் செய்கிற காரியமா இது! நான் பாவி மாமா.

அத்தைக்கு எதுவும் தெரியாது. "அவன் ஏன்டி போன்ல இளைச்சாப்புல தெரியிறான்"னு மட்டும் கேட்டார். வெயில் என்று சொன்னேன்.

அந்த ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு ஊசி மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று அதில் இருக்கிறது. சுகுணா மேடத்திடம் அழுதுகொண்டே காட்டினேன். "இன்னும் கைமீறிப் போகலை, ஆனா கிட்னிக்கு ஏறிருச்சுன்னா லேட் பண்ணக் கூடாது" என்றார். கடிதம் கிடைத்த அன்றைக்கே, எந்த டூட்டியாக இருந்தாலும் போட்டுவிட்டு, பெலிக்ஸ் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரிப்போர்ட்டை டாக்டர் கையில் கொடுங்கள். ஊசியை எத்தனை நாள் போடச் சொல்கிறார்களோ அத்தனை நாளும் போடுங்கள். அன்ஃபிட் என்று கம்பெனி திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். நான் சம்பாதிக்கிறேன், கஞ்சியோ கூழோ குடிப்போம்.

என்மேல் கோபம் வரும். வரணும். ஆனால் அதைப் போனில் தீர்த்துவிடாதீர்கள், சேர்த்து வையுங்கள். பிரகதாம்பாள் உங்களைக் காப்பாற்றட்டும். உடம்பு தேறி வாங்க மாமா. வந்து வாசலில் நின்று, ஊரே கேட்க என்னைத் திட்டுங்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

உங்கள்,
பிரகதி