பால்கனிக் கதவில் கட்டிய கயிறு

ஃபுஷாஸ்
நவம்பர், ஞாயிறு காலை

அன்புள்ள மகள் ரூதினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மா ஊன்றுகோலோடு, நான் இன்னும் அது இல்லாமல். பிரேமனில் நீயும் ஆர்தனும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பதாக நீ சொன்னது பெரிய ஆறுதல்.

போன வாரம் தொலைபேசியில் அம்மா உன்னிடம், உங்கப்பா என்னை அடைச்சு வச்சிருக்காரு, வெளிக்காத்துகூடப் படாம கிடக்கேன் என்று சொன்னாள். நீ என்னைக் கூப்பிட்டு, என்னப்பா இது என்று கேட்டாய். நான் மழையைப் பற்றிப் பேசினேன். நம் வீட்டில் அவள் காதில் விழாமல் பேச ஒரு மூலை கிடையாது என்பது உனக்குத் தெரியும், அவள் எதிரில் இதைச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன், படித்துவிட்டு நான் செய்தது சரியா தவறா என்று நீ நினைத்துக்கொள், எனக்கே முடிவாகத் தெரியவில்லை.

வசந்த காலத்தில் நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் மைதானத்தின் கேலரியில் வெடிப்பு கண்டுபிடித்தார்கள் என்று அப்போதே சொன்னேன். ஆட்டம் நடக்கலாம், பார்க்க ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. நம் ஊர் யில்லி அணிக்கு மட்டும் இந்தக் கதி என்றால் பரவாயில்லை. மேலே சுரங்க ஊரான குர்மாத்தில் மண் சரிந்து அவர்கள் மைதானம் பாதி போய்விட்டதால் அவர்களும் இங்கேதான் ஆடுகிறார்கள், ஒரு சனிக்கிழமை நாம், மறு சனிக்கிழமை அவர்கள். கதவைப் பூட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள், மாடிகளையும் பால்கனிகளையும் பார்த்தார்கள். நம்முடையது நான்காவது மாடி, நடுக்கோட்டுக்கு நேர் எதிரே. நீ அங்கே உட்கார்ந்து பாடம் படிப்பதாகச் சொல்லி ஆட்டம் பார்த்தது எனக்கு அப்போதே தெரியும்.

முதலில் பெசிம் மட்டும்தான் வந்தான். டயர் கடை பெசிம், உன் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து என்னிடம் கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தவன். ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன் ஸார் என்றான். போன குளிர்காலத்தில் அம்மாவுக்கு இடுப்பு முறிந்தபோது லிஃப்ட் இல்லாத இந்தப் படிகளில் அவளைத் தோளில் சுமந்து இறக்கியவன் அவன், அவனை எப்படி வாசலோடு அனுப்புவது. அடுத்த முறை அவனோடு இன்னும் சிலர் வந்தார்கள். குர்மாத்துக்காரர்களின் சனிக்கிழமை ஜெலால் வந்தார், சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசைக்குள்ளிருந்து பேசுகிற மனிதர், கையில் ஒரு பாலாடைக்கட்டி. படியேறி வந்தவனை உட்கார வைக்காமல் அனுப்பிய வீடு என்று நம் வீட்டுக்குப் பெயர் வர விடுவேனா. அவர் பின்னால் அவருடைய ஆட்கள் வந்தார்கள். அதோடு வாசலில் செருப்புக் குவியல் படிக்கட்டு வரை இறங்கிவிட்டது.

அம்மாவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மருத்துவமனையிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் இந்தப் படிகளில் இறங்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமைகள்தான் அவளுக்கு வெளியுலகம். வெள்ளிக்கிழமையே பியூரெக்குக்கு மாவு விரிக்க ஆரம்பித்துவிடுவாள், கீரை வைத்து ஒன்று, வெங்காயம் வைத்து ஒன்று. பால்கனியின் நடுவில் கம்பியை ஒட்டி அவள் நாற்காலி, சுற்றிலும் இவர்கள். நடுவரை அவள் திட்டுகிற திட்டுக்கு ஆண்களே வெட்கப்படுவார்கள். டேய், உன் கண்ணை வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தியா என்று அவள் கத்தினால் கீழே அந்த மனிதர் நிமிர்ந்து பார்ப்பார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பால்கனியின் தரையை. நம் கட்டடமும் அந்தக் கேலரியும் ஒரே வருஷத்தில், ஒரே ஆட்கள், ஒரே சிமெண்ட்டில் கட்டியவை. கேலரி வெடித்தது என்றால் இது மட்டும் எப்படி. சுவரோடு சேரும் இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதன் குறுக்கே கொஞ்சம் சுண்ணாம்புக் கலவை பூசி வைத்தேன், கோடு அசைந்தால் பூச்சு பிளக்கும். நம் அணி மூன்று கோல் போட்ட சனிக்கிழமை எல்லாரும் குதித்தார்கள், மறுநாள் காலை பூச்சில் மயிரிழை பிளவு. அது முன்பே இருந்ததோ, நான்தான் சரியாகப் பூசவில்லையோ என்று பல நாள் குழம்பினேன். திரும்பப் பூசினேன். நகராட்சியில் போய்க் கேட்டேன். மொதல்ல கேலரி, அப்புறம்தான் வீடுங்க, வரிசைல வாங்க பெரியவரே என்றார்கள். விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்கு வந்தவனிடம் அங்கே நிற்காதே என்று எப்படிச் சொல்வது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ஆட்டத்தின் நடுவே இரண்டு முறை சொல்லவும் செய்தேன், அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு யில்லியும் குர்மாத்தும் மோதுகிற சனிக்கிழமை வந்தது. இந்த முறையாவது மறுத்துவிட வேண்டும் என்று பெசிமின் கடைக்குப் போனேன். ஸார், சனிக்கிழமை பால்கனி நமக்குத்தானே என்று அவன் கேட்டதும் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மறுநாள் ஜெலால் பாலாடைக்கட்டியோடு வந்து அதையே கேட்டார், அவருக்கும் ஆமாம் என்றேன். அம்மா சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. ஒரே பொண்ணை ரெண்டு வீட்டுக்கு நிச்சயம் பண்ணிட்டீங்களே என்றாள்.

ஆட்டத்தன்று மூன்றாவது மாடித் திருப்பத்தில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே நின்றுவிட்டது. ஸார், இவங்களை யாரு கூப்பிட்டது என்று பெசிம் கீழிருந்து கேட்டான். நான்தான் என்றேன், வேறு என்ன சொல்ல. அதோடு இரண்டு கூட்டமும் படியேறி வந்தது. ஒரே கூரையின் கீழ் இருவரும் என் விருந்தாளிகள், ஒருவர் எதிரில் மற்றவர் எகிறினால் அவமானம் எனக்கு, அது அவர்களுக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு பால்கனியில் நின்றார்கள். குர்மாத் முதல் கோல் போட்டது, சுற்றியிருந்த மொட்டைமாடிகள் அலறின. ஜெலால் கம்பியை இறுகப் பிடித்து எச்சில் விழுங்கிவிட்டு, அக்கா, பியூரெக் ரொம்ப நல்லா இருக்கு என்றார். இடைவேளைக்குப் பிறகு யில்லி சமன் செய்தது. பெசிமின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அத்தை, இந்த மோரு இருக்கே, அடடா என்றான். மோர்க்கிண்ணத்தை அவன் தொடவே இல்லை. இருந்தவர்களில் அம்மா ஒருத்திதான் கத்தினாள், அவளை யார் அடக்குவது. எனக்கோ அவர்கள் குதிக்காதது நிம்மதியாக இருந்தது, பிழைத்தோம் என்றே நினைத்தேன்.

ஆட்டம் முடியும் நேரத்தில் நமக்கு ஒரு பெனால்டி. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது, மொட்டைமாடிகளிலும் சத்தமில்லை. இது உள்ளே போனாலும் போகாவிட்டாலும் இவர்களில் பாதிப் பேர் தங்களை மறந்து குதிப்பார்கள் என்று தோன்றியது. என் கை அம்மாவின் நாற்காலி முதுகில் இருந்தது. இந்த பால்கனி தாங்காது என்றேன். உரக்கச் சொல்லவில்லை, ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. என்ன ஸார் என்றான் பெசிம். தாங்காதுப்பா, கேலரி மாதிரிதான் இதுவும், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன் என்றேன். யாரும் ஓடாதீங்க, அக்காவை முதல்ல என்றார் ஜெலால் மெதுவாக. நாற்காலியை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் பெசிமும் தூக்கினார்கள். அம்மா பெசிமின் கையில் அடித்தாள், விடுடா, பெனால்டி போட்டு முடிக்கட்டும் என்று. விடவில்லை. ஒவ்வொருவராகக் காலுறையோடு உள்ளே நடந்து, அலமாரியைப் பார்த்தபடி கூடத்தில் நின்றார்கள். அப்போது வெளியே மொட்டைமாடிகள் அலறின. எந்த ஊர்க்காரர்கள் அலறினார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. கோல்கீப்பர் பிடித்துவிட்டார் என்று மறுநாள் ரொட்டிக் கடையில் சொன்னார்கள்.

அன்று மாலையே பால்கனிக் கதவைக் கயிற்றால் கட்டினேன். இவ்வளவு நாள் வாயைத் தொறக்காத மனுஷன் அந்த ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அம்மா கேட்டாள், அதன் பிறகு என்னிடம் பேசுவது குறைவு. இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், கதவைக் கட்டுவதற்கு முன் பூச்சைப் பார்த்தேன், அதில் பிளவே இல்லை. யாரும் குதிக்காததால் பிளக்கவில்லையா, குதித்திருந்தாலும் தாங்கியிருக்குமா, தெரியவில்லை. நேற்று பெசிமும் ஜெலாலும் ஆட்ட நேரத்தில் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே சத்தம் எழுந்தபோது யாருடா போட்டது என்று அம்மா கேட்டாள். யாரு போட்டா என்னக்கா, பியூரெக் நல்லாத்தான் இருக்கு என்றார் ஜெலால். அவள் சிரித்தாள், என்னைப் பார்க்காமல். கீழே இறக்கி மைதானத்து வாசல் வரை தூக்கிக்கொண்டு போகிறோம் என்று இருவரும் கேட்டுப் பார்த்தார்கள். எறங்கிட்டா யாரு ஏத்துறது, வேண்டாம் என்றுவிட்டாள். நீ எங்களைப் பிரேமனுக்கு வந்துவிடச் சொல்கிறாயே, அதற்கும் முதலில் இந்தப் படிகள்தான் இருக்கின்றன.

நான் தினமும் காலையில் கயிற்றைப் பார்ப்பேன். என் முடிச்சு உனக்குத் தெரியும், புத்தகக் கட்டுகளுக்குப் போடுவது. இந்த வாரம் இரண்டு நாள் அது வேறு முடிச்சாக இருந்தது, அம்மா மாவுப் பைக்குப் போடுகிற முடிச்சு. நான் ரொட்டி வாங்கப் போகிற நேரத்தில் அவள் அவிழ்த்துவிட்டு வெளியே உட்கார்கிறாள். ஒருத்தியின் எடையைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தாங்கும் என்றுதான் வருகிறது, என் கணக்கை நான் எவ்வளவு நம்பலாம் என்பது வேறு. இப்போதெல்லாம் ரொட்டிக் கடையிலிருந்து பாலம் வழியாகச் சுற்றித் திரும்புகிறேன், படியேறும்போது அவள் காதுக்கு எட்டும்படி இருமிக்கொண்டே வருகிறேன்.

சனிக்கிழமை ஆட்ட நேரத்தில் அம்மாவுக்கு ஃபோன் செய், யார் ஜெயிக்கிறார்கள் என்று கேள். கதவைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் மட்டும் கேட்காதே, இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. நீயும் ஆர்தனும் நூறு வயது இருக்க வேண்டும், குழந்தை எங்கள் ஆயுளையும் சேர்த்து வாழ வேண்டும்.

உன் அப்பா
நெவ்ருஸ்